புதுப்பிப்பு: இரவு ரயிலில் தூங்கவிடாத ‘தடக் தடக்’

இரவு ரயிலில் என் படுக்கைக்கு அடியிலிருந்து விடாமல் சத்தம் வந்ததையும், பெட்டி உதவியாளர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாததையும் முன்பு எழுதியிருந்தேன். ரயில் நிறுவனத்திடமிருந்து பதில் வந்துவிட்டது.

முதலில் வந்தது வழக்கமான வருத்தக் கடிதம். பெட்டி எண்ணையும், வேகம் கூடக்கூட அடி விழும் வேகமும் கூடியதையும் குறிப்பிட்டு மறுபடி எழுதினேன். அதற்குப் பிறகுதான் பராமரிப்புப் பிரிவு விழித்துக்கொண்டது. சக்கரத்தில் ஓரிடம் தட்டையாகியிருந்ததுதான் காரணமாம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் வழுக்கினால், தண்டவாளத்தைத் தொடும் பரப்பில் ஓரிடம் தேய்ந்து தட்டையாகிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் தண்டவாளத்தை அறையும். இப்போது சக்கரத்தைக் கடைந்து சரிசெய்துவிட்டார்களாம்.

உதவியாளரைப் பற்றி மட்டும் மூச்சே விடவில்லை. சத்தத்தை அவரால் நிறுத்த முடியாதுதான். காலியாகக் கிடந்த நடுப்பகுதிப் படுக்கைக்கு என்னை மாற்றியிருக்கலாமே! சக்கரங்கள் பெட்டியின் இரு முனைகளுக்கு அருகில் இருப்பதால் நடுவில் அதிர்வு குறைவு. இது அவருக்குத் தெரியாததா?

கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். அது ‘பரிசீலனையில்’ இருக்கிறதாம்.