நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்கும் பையன்கள்: களப் பணியாளர்களின் அனுபவப் பகிர்வு

நன்னடத்தை அலுவலர், டெல்டா மாவட்டம்

நன்னடத்தை அலுவலராகப் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது படிவம் 6, அதாவது சமூக விசாரணை அறிக்கை பற்றித்தான். 18 வயதுக்குட்பட்டவர்கள் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் பையனை முதல் தடவை நிறுத்திய நாளிலிருந்து 15 நாளுக்குள் அது போய்ச் சேர வேண்டும். அவசரத்தில் நடக்கிற தவறு, காவல் நிலையத்திலிருந்து வந்த படிவம் 1ஐ, அதாவது சமூகப் பின்னணி அறிக்கையை, அப்படியே பெயர்த்து எழுதுவது. 'தந்தை கூலி, பையன் இடைநின்றவன்' என்பதற்கு மேல் அதில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் குழுமத்தின் நடுவரும் இரண்டு சமூகப் பணி உறுப்பினர்களும் கையில் வைத்துப் பார்ப்பது நம் அறிக்கையை. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 18இன் கீழ், பையனை என்ன செய்வது என்று குழுமம் போடும் உத்தரவுக்கு அதுதான் அடிப்படை. வீட்டைப் பார்க்காமல் எழுதினால் அவனால் கடைப்பிடிக்கவே முடியாத நிபந்தனை வரும். மூன்றாவது வாரம் 'மீறினான்' என்று நாமே எழுத வேண்டியிருக்கும்.

வீட்டுக்குப் போக நல்ல நேரம் மாலை ஆறரைக்கு மேல். காலை பதினொரு மணிக்குப் போனால் அம்மா நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ போயிருப்பார். பாட்டியும் பக்கத்து வீட்டுக்காரரும்தான் கிடைப்பார்கள், அவர்கள் பேச்சு அறிக்கையில் ஏறிவிடும். அரசு வண்டியைத் தெருமுனைக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். டீக்கடையில் வழி கேட்டால் தகப்பனார் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பையன் பெயரைச் சொல்லி ஓர் அரசு ஊழியர் விசாரித்தாலே அன்று இரவு தெரு முழுக்க அதுதான் பேச்சு. வாடகை வீடாக இருந்தால் அடுத்த மாதம் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள், நம் கோப்பில் இருக்கும் முகவரியும் செத்துவிடும்.

உள்ளே போனதும் அவன் எங்கே படுக்கிறான் என்று பாருங்கள். ஒரே அறை, அதில் வயதுக்கு வந்த அக்கா, குடித்துவிட்டு வரும் அப்பா. அப்படிப்பட்ட வீட்டில் பதினாறு வயதுப் பையன் திண்ணையிலோ நண்பன் வீட்டு மொட்டை மாடியிலோதான் படுப்பான். 'இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது' என்ற நிபந்தனை முதல் வாரமே உடைந்துவிடும். சித்தப்பா வீட்டில் படுக்க இடம் உண்டா என்று கேட்டு, அதை அறிக்கையில் எழுதினால் குழுமம் அதற்கேற்ப உத்தரவு போடும். பள்ளிக்கூடப் பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், நோட்டில் கடைசித் தேதி என்ன என்று தெரிந்துவிடும். போனை யார் வாங்கிக் கொடுத்தது, ரீசார்ஜ் யார் போடுகிறார்கள் என்று கேளுங்கள். அப்பா அம்மா இருவருமே 'நாங்க போடலை' என்றால், போடுகிற ஆள் யார் என்பதுதான் அறிக்கையின் முக்கியமான வரி.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். நடந்த சம்பவத்துக்கு அவனிடம் வாக்குமூலம் வாங்கி எழுதாதீர்கள். குற்ற மனம் இல்லாதவன் என்ற அனுமானம்தான் 2015 சட்டத்தின் முதல் கோட்பாடு. நம்மிடம் நம்பிச் சொன்னதே அவனுக்கு எதிராகத் திரும்பினால் அதன் பிறகு அவன் வாயைத் திறக்க மாட்டான்.

நன்னடத்தை அலுவலர், சென்னைப் புறநகர்

முதலில் பேசிய மேடம் சொன்ன நிபந்தனை விஷயத்தை நான் இன்னும் கொஞ்சம் விரிக்கிறேன். 'திங்கள்தோறும் காலை 10 மணிக்கு ஆஜராகிக் கையெழுத்து' என்பது எல்லா உத்தரவிலும் பழக்கத்தில் வந்துவிடும் வரி. பள்ளியில் படிப்பவனுக்கு வாரம் ஒரு நாள் விடுப்பு, கூட வரும் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போச்சு, பஸ் செலவு தனி. நாலு வாரம் வருவார்கள், ஐந்தாவது வாரம் நின்றுவிடும். சனிக்கிழமை மாலை என்று மாற்றச் சொல்லி நாமே எழுத்தில் கேட்கலாம். முதல் மாதம் வாரம் ஒரு முறை, அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, நிலைத்த பிறகு மாதம் ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் நம்மாலும் முடியும், அவர்களாலும் முடியும். பாதிச் சந்திப்பை அவன் இருக்கும் இடத்துக்கு நாம் போவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

'கெட்ட சகவாசம் கூடாது' என்பதும் வேலைக்கு ஆகாது. கூட்டாளி எதிர்வீட்டில் இருப்பான், ஒரே வகுப்பில் உட்காருவான். இந்த மைதானத்துக்குப் போகக் கூடாது, இந்த ஆள் வண்டியில் ஏறக் கூடாது என்று இடத்தையும் ஆளையும் குறித்தால் அவனுக்கும் புரியும், நமக்கும் சரிபார்க்க முடியும்.

ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல், விசாரணைக் காலத்தில் வைக்கப்படும் கூர்நோக்கு இல்லத்திலேயே கிடக்கும் பையன்களைக் கவனியுங்கள். ஏழு நாளுக்கு மேல் ஆனால் அவனைக் குழுமத்தின் முன் நிறுத்தி நிபந்தனையை மாற்ற வேண்டும் என்று பிரிவு 12(4) சொல்கிறது. ஜாமீன்தாரர் இல்லாமலே, நம் மேற்பார்வையில் விடவும் பிரிவு 12இல் வழி இருக்கிறது. சொந்த வீடு இல்லாத குடும்பத்துக்கு அதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது போலீஸ். ஏரியாவில் ஒரு செல்போன் பறிப்பு நடந்தால் நேற்று வெளியே வந்தவனைத்தான் முதலில் தூக்குவார்கள். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பையன் இரண்டு தடவை ராத்திரி ஸ்டேஷனில் உட்கார்ந்தால் மூன்றாம் நாள் வேலை இருக்காது. ஒவ்வொரு நிலையத்திலும் உதவி சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஒரு குழந்தைகள் நலக் காவல் அலுவலர் இருக்க வேண்டும். வழக்கு கைக்கு வந்த அன்றே அவரிடம் பேசி வையுங்கள். குழும உத்தரவின் நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டு அம்மாவிடம் கொடுங்கள். ராத்திரி எத்தனை மணியானாலும் நம்மைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்), கூர்நோக்கு இல்லம்

போதைப் பழக்கம் உள்ளவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இல்லத்தில் இருக்கும்போது அமைதியாகத் தெரிவதை நம்பி 'பழக்கம் இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். வெளியே போன முதல் இரண்டு வாரம்தான் ஆபத்து. தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும். வீட்டில் 'திமிர்' என்று அடிப்பார்கள், அவன் பழைய இடத்துக்கே ஓடுவான். இதை அம்மாவிடம் விடுதலைக்கு முன்பே விளக்கிச் சொல்ல வேண்டும். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் முகர்பவனிடம் மூக்கைச் சுற்றிப் புண், கைக்குட்டையில் வாடை இருக்கும். வலி மாத்திரை போடுகிறவனிடம் வெளியே ஒரு அடையாளமும் தெரியாது, காசு காணாமல் போவதுதான் துப்பு. போதை மீட்பு சிகிச்சையைப் பிரிவு 18(2)இன் கீழ் உத்தரவிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கு முதல் தடவை கூடவே போங்கள். சீட்டை மட்டும் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் போக மாட்டார்கள்.

நன்னடத்தை அலுவலர், தென்மாவட்டம்

எங்கள் பக்கம் கண்காணிப்பு என்றால் காலண்டர்தான். சித்திரை, ஆடியில் கோயில் கொடை, செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை, முன்பு நடந்த கொலையின் நினைவு நாள். கூட்டமாக வண்டியில் போகும் இந்த நாள்களுக்கு ஒரு வாரம் முன்பே வீட்டுக்குப் போய்விட வேண்டும். அன்றைக்கு அவனை வெளியூர் அத்தை வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று குடும்பத்தோடு பேசுவது எந்த அறிவுரையையும் விடப் பலன் தரும். பிறந்தநாளையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அரிவாளால் கேக் வெட்டி ரீல்ஸ் போட்டுப் புதுவழக்கு வாங்கியவர்கள் உண்டு. பழைய பதிவுகளில் அரிவாளும் சாதிப் பாட்டும் இருந்தால், எதிர்த் தரப்பு அதைத்தான் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் என்று அவனிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

அதிகம் சிக்குவது போக்சோ (சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) காதல் வழக்குகளில். பையனுக்கு 17, பெண்ணுக்கு 16. ஊர்ப் பெரியவர்கள் பேசி, 'பதினெட்டு முடிந்ததும் கட்டி வைக்கிறோம்' என்று முடிவுக்கு வருவார்கள். பையனுக்கு 21 ஆகாமல் அதுவும் குழந்தைத் திருமணம்தான் என்று இரு வீட்டாரிடமும் சொல்லுங்கள். பெண் தானாகவே போன் செய்தாலும் இவன் எடுத்தால் வழக்கு இன்னும் இறுகும். அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: எடுக்காமல் விட்டு, அம்மாவிடம் சொல்லி, நமக்குத் தகவல் தர வேண்டும்.

இந்த வழக்குகளில் குடும்பம் பயந்துபோய்ப் பையனைத் திருப்பூர் மாமாவிடம் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிடும். நம்மிடம் சொல்லாமல் அனுப்பினால் தலைமறைவு என்று பதிவாகும். முன்கூட்டிச் சொன்னால் குழுமத்தில் மனுப் போட்டு, யார் பொறுப்பில் இருக்கிறான் என்பதை மாற்றிக்கொள்ளலாம், பிரிவு 104 அதற்குத்தான். மாமாவின் ஆதார், தங்கும் அறை முகவரி, கம்பெனி ஷிப்ட் நேரம் மூன்றையும் மனுவோடு இணைத்து, அந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.

நன்னடத்தை அலுவலர், டெல்டா மாவட்டம்

பள்ளி விஷயம் விட்டுப்போனது. தலைமையாசிரியர் டி.சி. கொடுத்து அனுப்பப் பார்ப்பார். பள்ளிக்குத் தொடர்ந்து போக வேண்டும் என்ற உத்தரவு கையில் இருந்தால் முதன்மைக் கல்வி அலுவலரிடம் பேச நமக்குப் பிடிமானம் கிடைக்கும். பள்ளி மாறித்தான் ஆக வேண்டும் என்றால் டி.சி.யில் நடத்தைக்கான கட்டத்தை அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர், ஒயர்மேன் இரண்டும் திறந்திருக்கின்றன. வெல்டர் ஓராண்டு, கண்காணிப்புக் காலத்துக்குள்ளேயே சான்றிதழ் வாங்கிவிடலாம். சேர்க்கை அறிவிப்பு வரும் முன்பே சாதிச் சான்றிதழும் வங்கிக் கணக்கும் தயாராக இருக்க வேண்டும், பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

குழுமத்துக்குக் கொடுக்கும் கால அறிக்கையில் 'நடத்தை திருப்திகரம்' என்று மட்டும் எழுதாதீர்கள். '22 வேலை நாளில் 17 நாள் பள்ளிக்கு வந்தான், இரண்டு நாள் காய்ச்சல், மூன்று நாள் காரணம் சொல்லவில்லை' என்று எழுதினால், பின்னால் ஏதாவது ஆனாலும் அந்த மாதம் அவன் பக்கம் பேசும்.

முடிந்த வழக்குகளில் ஒரு வேலை பாக்கி இருக்கும். பெரியவர்களுக்கான நீதிமன்ற விசாரணை முறைக்குப் போகாத வழக்கில் அவனுக்கு எந்தத் தகுதியிழப்பும் கிடையாது, பிரிவு 24. நன்னடத்தைச் சான்றுக்காகக் காவல்துறை அந்தப் பதிவை வெளியே சொல்லவும் கூடாது, பிரிவு 74(2). இதை இரண்டு வரியில் தமிழில் எழுதி, உத்தரவு நகலோடு சேர்த்து அவன் கையில் கொடுங்கள். காவலர் தேர்வுக்கோ பாஸ்போர்ட்டுக்கோ விண்ணப்பிக்கும்போது பயந்து விட்டுவிடாமல், அதைக் காட்டிக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.