உதவி தேவை: 'பிசீஜ்' என்ற ஆங்கில வினை – எழுத்துக்கூட்டல், பொருள், பிறப்பு

மலர்விழி:

எல்லாருக்கும் வணக்கம். உலகின் பெரிய நகர்ப் போர்களைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்பு ஒன்றை இரண்டு பேர் பிரித்துக்கொண்டு தமிழாக்கினார்கள். அதைச் செம்மை பார்க்கும் பொறுப்பு எனக்கு. 'பிசீஜ்', 'சீஜ்' வரும் இடங்களில் மட்டும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போர்க்கால ரஷ்ய நகரமான லெனின்கிராடு பற்றிய கட்டுரையில் ஒருவர் "ஜெர்மன் படை நகரை 872 நாள் முற்றுகையிட்டது" என்கிறார். இன்னொருவர் அதன் சுருக்கத்தில் "872 நாள் கைப்பற்றி வைத்திருந்தது" என்று எழுதியிருக்கிறார். அடுத்தது பிரான்சின் ஓர்லியான் நகரம், 1429. மூலத்தில் பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க் 'ரெய்ஸ்டு த சீஜ்' என்று இருக்கிறது. தமிழில் "முற்றுகையைத் தொடங்கினார்" என்று வந்திருக்கிறது. நகரை மீட்க வந்தவர் எதற்காக அதை முற்றுகையிட வேண்டும்? கதையே தலைகீழாகிறது.

பின்னிணைப்பில் கலைச்சொல் பட்டியலும் உண்டு. அதில் 'பிசீஜ்' என்பதன் ஆங்கில எழுத்துகளில் ஓர் இடத்தில் 'ஐ' முன்னும் 'இ' பின்னுமாகவும், வேறோர் இடத்தில் மாறியும் இருக்கிறது. எது சரி? சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அடிக்குறிப்பும் போட்டுவிடலாம்.

கதிர்:

எழுத்துக்கூட்டலை முதலில் முடித்துவிடலாம். பி-இ-எஸ்-ஐ-இ-ஜி-இ. 'ஐ' முன், 'இ' பின். பெயர்ச்சொல்லான 'சீஜ்' என்பதும் அப்படியே. இறந்தகாலத்துக்கு 'டி' மட்டும் சேர்த்தால் போதும். 'இங்' சேர்க்கும்போது கடைசி 'இ' விழுந்துவிடும்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், பக்கத்திலேயே 'சீஸ்' என்று இன்னொரு வினை இருக்கிறது. கைப்பற்று, பறிமுதல் செய் என்று பொருள். அது எஸ்-இ-ஐ-இசட்-இ. அங்கே 'இ' முன்னால் வரும். காதில் கிட்டத்தட்ட ஒன்றாக ஒலிக்கும். இரண்டுமே போர்ச் செய்திகளில் புழங்கும். உங்கள் இரண்டாவது மொழிபெயர்ப்பாளர் '872 நாள் கைப்பற்றி' என்று எழுதியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

பொருளில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். 'பிசீஜ்' என்றால் படை வெளியே சூழ்ந்து நிற்கிறது, நகரம் இன்னும் விழவில்லை. 'சீஸ்' என்றால் நகரம் கைமாறிவிட்டது. கான்ஸ்டான்டிநோபிளை 1453 ஏப்ரல் 6 முதல் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெகமதுவின் படை முற்றுகையிட்டது, மே 29 அன்று கைப்பற்றியது. அங்கே இரண்டு வினைக்கும் இடம் உண்டு. லெனின்கிராடு கடைசிவரை விழவே இல்லை. 1941 செப்டம்பர் 8 அன்று தரைவழி அடைபட்டது. 1944 ஜனவரி 27 அன்று முற்றுகை முழுதாக நீங்கியது. இடையில் 1941 குளிர்காலத்தில் வேலைக்குப் போகாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நாள் ரொட்டி 125 கிராம்தான். அதிலும் மாவோடு வேறு பொருள்கள் கலந்திருந்தன. அப்படிப் பட்டினி கிடந்தும் பணியாத ஊரைக் 'கைப்பற்றினார்கள்' என்று அச்சேற்றுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம். தயவுசெய்து அந்த வரியை முதலில் திருத்துங்கள்.

நாவரசி:

கதிர் சொன்னதோடு பிறப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓர்லியான் சிக்கல் அதிலேயே அவிழ்ந்துவிடும்.

இலத்தீனில் 'செடேரே' என்றால் உட்கார். அதிலிருந்து வந்த பழைய பிரெஞ்சுச் சொல்லுக்கு இருக்கை என்று பொருள். 13-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது 'சீஜ்' என்பதும் இருக்கைதான், அரியணைதான். ஆர்தர் மன்னனின் வட்ட மேசைக் கதைகளில் தகுதியில்லாதவன் அமர்ந்தால் உயிரே போய்விடும் என்று ஓர் ஆசனம் வருமே, அதன் பெயரிலும் இந்த 'சீஜ்' உண்டு. படை ஒரு கோட்டைக்கு எதிரே கூடாரம் போட்டு அமர்ந்துவிடுவதால் 1300 வாக்கில் போர்ப் பொருளும் ஏறிக்கொண்டது. பிரெஞ்சில் இன்றும் நாற்காலிக்கும் முற்றுகைக்கும் ஒரே சொல்.

முன்னால் இருக்கும் 'பி' பழைய ஆங்கில முன்னொட்டு. சுற்றிலும் என்ற பொருள் அதற்கு உண்டு. ஆக, சுற்றி உட்கார்ந்துகொள்வது.

இப்போது 'ரெய்ஸ்' என்பதைப் பாருங்கள். உட்கார்ந்த படையைக் கிளப்பிவிடுவது! பிரெஞ்சிலும் இதே வழக்குதான். இதை இரு தரப்பாருக்கும் சொல்வார்கள். முற்றுகையிட்டவர்களே பாசறையைக் கலைத்துக்கொண்டு போனாலும் 'ரெய்ஸ்', வெளியிலிருந்து உதவிக்கு வந்த படை அவர்களை விரட்டினாலும் 'ரெய்ஸ்'. ஓர்லியானை 1428 அக்டோபரிலிருந்து சூழ்ந்திருந்த ஆங்கிலேயர் 1429 மே 8 அன்று விலகிப்போனார்கள். எனவே "ஜோன் முற்றுகையை முறியடித்தார்" என்று எழுதுங்கள். எழுவாய் ஆங்கிலேயராக இருக்கும் இடத்தில் "முற்றுகையைக் கைவிட்டனர்". தொடங்குவதற்கு ஆங்கிலத்தில் 'லே சீஜ்' என்பார்கள், அதுதான் "முற்றுகையிட்டனர்".

'சீஸ்' இந்தக் குடும்பமே இல்லை. அது நிலத்தை ஒருவர் உடைமையில் ஒப்படைக்கும் பழைய சட்ட வழக்கிலிருந்து வந்தது. அந்தப் பிரெஞ்சு மூலத்திலேயே 'இ'க்குப் பின் 'ஐ' இருந்தது. ஆனால் 'அப்செஸ்' நெருங்கிய சொந்தம். அதன் இலத்தீன் மூலத்துக்கு எதிரே உட்கார்தல், முற்றுகையிடுதல் என்று பொருள். ஆங்கிலத்திலும் முதலில் ஊரை முற்றுகையிடுவதற்கே வழங்கி, பிறகு மனத்தை ஓர் எண்ணம் விடாமல் பீடிப்பதற்கு வந்தது. எனக்கு இந்த ஒரு சொல்லின் பயணம் அவ்வளவு பிடிக்கும்.

மலர்விழி:

அருமை, இருவருக்கும் நன்றி. 'ரெய்ஸ்' இப்போது தெளிவாகிவிட்டது. இன்னும் இரண்டு கேட்டுக்கொள்கிறேன். லெனின்கிராடு கட்டுரையில் சில இடங்களில் 'பிளாக்கேடு' என்றும் வருகிறது. அதையும் முற்றுகை என்றே போடலாமா? இன்னொன்று, முன்னுரையில் நூலாசிரியரை வாசகர்கள் கேள்விகளால் 'பிசீஜ்' செய்ததாக ஒரு வரி. "கேள்விகளால் முற்றுகையிட்டனர்" என்றால் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறது.

கதிர்:

'பிளாக்கேடு' என்றால் வழியடைப்பு. சரக்கும் ஆளும் போகாமல் தடுப்பது மட்டும். 1948 ஜூன் முதல் 1949 மே வரை மேற்கு பெர்லினுக்கு நடந்தது அதுதான். அங்கே ஊரின்மேல் குண்டு விழவில்லை. லெனின்கிராடில் வழியடைப்பும் இருந்தது, பீரங்கித் தாக்குதலும் இருந்தது. ரஷ்யர்கள் 'பிளாக்கேடு' என்ற சொல்லையே தங்கள் வடிவில் சொல்கிறார்கள். மூலத்தில் அது தலைகாட்டக் காரணம் அதுவாக இருக்கலாம். அந்தக் கட்டுரையில் மட்டும் இரண்டையும் முற்றுகை என்று வைத்தால் தவறில்லை. பெர்லின் பற்றிய கட்டுரை இருந்தால் அங்கே வேண்டாம்.

நாவரசி:

கேள்விகளுக்குத் தமிழில் கைவசம் வழக்கு இருக்கிறதே: "கேள்விகளால் துளைத்தெடுத்தனர்". நிருபர்களோ ரசிகர்களோ என்றால் "மொய்த்துக்கொண்டனர்". போர் உருவகத்தை வலிந்து காப்பாற்ற வேண்டியதில்லை.

அடிக்குறிப்புக்கு இன்னொன்று. கோட்டை முற்றுகையைப் பாடும் உழிஞைத் திணையைச் சொல்லும்போது தொல்காப்பியம் "முழுமுதல் அரணம் முற்றலும் கோடலும்" என்கிறது. முற்றல் சூழ்வது, கோடல் கொள்வது. கலைச்சொல் பட்டியலில் 'பிசீஜ்' எதிரே முற்றுகையிடு, 'சீஸ்' எதிரே கைப்பற்று என்று அடுத்தடுத்த வரியாகவே வைத்துவிடுங்கள், அடுத்து வரும் மொழிபெயர்ப்பாளருக்கும் உதவும்.