ரெகுலேட்டரின் வெளியீட்டை ஓடும்போதே மாற்றிய அனுபவங்கள்

திருப்பூர் உறுப்பினர்:

பின்னல் துணியைச் சோதித்துச் சுருட்டும் எங்கள் இயந்திரத்தில், துணி பிரியும் சுருளைப் பிடித்து நிறுத்த 24 வோல்ட் பவுடர் பிரேக் (மின்னோட்டத்துக்கு ஏற்பப் பிடிமானம் கூடிக் குறையும் காந்தத்தூள் பிரேக்) உள்ளது. சுருள் மெலிய மெலிய, அதே பிரேக் விசையில் துணியின் இழுவை ஏறிக்கொண்டே போகும். பின்னல் துணி அதைத் தாங்காது, நீண்டுவிடும். ஆள் நின்று ரியோஸ்டாட்டைத் (மாறு மின்தடையை) திருகிக்கொண்டிருந்த அந்த வேலையை, துணியின் இழுவைக்கேற்ப ஏறி இறங்கும் டான்சர் ரோலரில் பொருத்திய பொட்டென்ஷியோமீட்டரிடம் ஒப்படைத்தோம். அதன் வோல்டேஜ் ஒரு ஆப்-ஆம்ப் (சிக்னல் பெருக்கி ஐசி) வழியாக ரெகுலேட்டரை நகர்த்துகிறது.

பிரேக்குக்கு மின்சாரம் தரும் எல்எம்317 என்ற வோல்டேஜ் ரெகுலேட்டர் ஐசி தன் வெளியீட்டை அட்ஜஸ்ட் முனையைவிட எப்போதும் 1.25 வோல்ட் மேலே வைத்திருக்கும். ஆகவே அட்ஜஸ்ட் முனையை எல்எம்358 ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டில் நேரே இணைத்தால், ஆப்-ஆம்ப் ஏறினால் ரெகுலேட்டரும் ஏறும், இறங்கினால் இறங்கும். வழக்கமாக வெளியீட்டுக்கும் அட்ஜஸ்டுக்கும் இடையே போடும் 240 ஓம் மின்தடையை மட்டும் இங்கே எடுத்துவிட வேண்டும். அதன் வழியே வரும் 5 மில்லி ஆம்பியரை எல்எம்358 தரையை ஒட்டிய வோல்டேஜில் உள்வாங்க முடியாது. அங்கே அதன் திறன் சில பத்து மைக்ரோ ஆம்பியர்தான். ரெகுலேட்டருக்கு வேண்டிய குறைந்தபட்சச் சுமையை எங்கள் 30 ஓம் பிரேக்கே கொடுத்துவிடுகிறது.

சிற்றலையைக் குறைக்க அட்ஜஸ்ட் முனையில் 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி போடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் இந்தச் சுற்றில் அது ஆப்-ஆம்ப்பின் தலையில் விழுந்து அதை அலையவிடும் என்பதால் போடவில்லை. டான்சரின் நடுக்கத்தை ஆப்-ஆம்ப்பின் உள்ளீட்டிலேயே 100 கிலோ ஓம், 1 மைக்ரோ ஃபாரட் கொண்டு தணித்தோம். பிரேக்கின் கம்பிச்சுருளுக்குக் குறுக்கே தலைகீழ் டையோடு கட்டாயம் வேண்டும். வெளியீடு 1.25 வோல்ட்டுக்குக் கீழே வராது. எங்கள் வேலைக்கு அது போதும். பூஜ்ஜியம் வரை வேண்டுமானால் ஆப்-ஆம்ப்புக்கு எதிர்மறை சப்ளை தேவைப்படும்.

பல்லடம் உறுப்பினர்:

அண்ணா, கோழிக்குஞ்சுக் கொட்டகையின் டிசி மின்விசிறிக்கு நான் எல்எம்2596 என்ற ஸ்விட்சிங் ரெகுலேட்டரை எடுத்துக்கொண்டேன். வெளியீட்டை அளந்து பார்க்கும் அதன் ஃபீட்பேக் முனை 1.23 வோல்ட்டில் நிற்கும். அந்த முனைக்கு இன்னொரு மின்தடை வழியாகக் கட்டுப்பாட்டு வோல்டேஜைக் கொடுத்தால், 1.23-க்கு மேலே போகும்போது வெளியீடு குறையும், கீழே வரும்போது கூடும். வெப்பத்தை அளக்கும் எல்எம்35 சென்சார் டிகிரிக்கு 10 மில்லி வோல்ட் வீதம் ஏறுகிறது; வெப்பம் ஏறினால் விசிறியும் வேகமெடுக்க வேண்டும். ஆகவே இடையில் திசை திருப்பும் ஆப்-ஆம்ப் கட்டம் ஒன்று வைத்தேன். கட்டுப்பாட்டுக் கம்பி அறுந்தால் வெளியீடு அடிப்படை மின்தடைகள் இரண்டும் தீர்மானிக்கும் அளவுக்குப் போய் நிற்கும். அந்த அளவையே விசிறியின் முழு வேகமாக வைத்துவிட்டேன், கொட்டகைக்குக் காற்று நிற்கவே கூடாது என்பதால். உங்கள் எல்எம்317 எவ்வளவு சூடாகிறது?

திருப்பூர் உறுப்பினர்:

தம்பி, சப்ளை 28 வோல்ட். சூடு அதிகம் வருவது வெளியீடு அதில் பாதியாக, 14 வோல்ட்டில் நிற்கும்போதுதான். அப்போது ஏறத்தாழ 6.5 வாட் ரெகுலேட்டரிலேயே எரிகிறது. ஹீட் சிங்க்கை அந்தக் கணக்கில் தேர்ந்தெடுத்து, பஞ்சுத்தூசு படியாதபடி துடுப்புகள் செங்குத்தாக நிற்குமாறு பெட்டிக்கு வெளியே பொருத்தியிருக்கிறோம்.