மேவரிக் 88 ஷாட்கனில் செய்ய வேண்டிய மாற்றங்கள்: ஆலோசனை தேவை

வணக்கம். டெக்சஸில் ஊருக்கு வெளியே குடியிருக்கும் நாங்கள், வீட்டுப் பாதுகாப்புக்காக மாஸ்பெர்க் நிறுவனத்தின் மேவரிக் 88 என்ற 12 கேஜ் (குழல் அளவு) பம்ப் ஷாட்கனை, அதாவது குழலுக்கு அடியிலுள்ள முன்பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளித் தோட்டா ஏற்றும் துப்பாக்கியை, வாங்கியிருக்கிறோம். இந்த விலைக்கு நல்ல துப்பாக்கிதான். ஆனால் பின்கட்டை (தோளில் அணைக்கும் பகுதி) நீளமாக இருப்பதால், தோளில் வைத்தபடி முன்பிடியை முழுவதும் தள்ள என் மனைவிக்குக் கை எட்டவில்லை, அரைகுறையாகத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறுவதில்லை. அதே நிறுவனத்தின் இன்னொரு மாடலான மாஸ்பெர்க் 500-க்கான குட்டைப் பின்கட்டையை இதில் மாற்றியவர்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

இருட்டில் எதிரே நிற்பவர் யாரென்று தெரியாமல் சுடவே கூடாது என்பதால் துப்பாக்கியில் விளக்கும் அவசியம். குழலில் கவ்வவைப்பது நல்லதா, முன்பிடியோடு சேர்ந்ததா? பதிவு செய்யாமல் குழலை 18 அங்குலத்துக்குக் கீழே வெட்டுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம், அதனால் குழலைத் தொடப்போவதில்லை. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். விரைவாகத் திறக்கக்கூடிய பூட்டுப்பெட்டி எது என்றும் தெரிவியுங்கள்.