பினாங்கில் மாங்க்ஸ்ஹூட்: ஐந்தே நாளில் முளைத்துவிட்டது, இது அதுதானா?

ஆயர் ஈத்தாம் பால்கனி:
வணக்கம். அடுக்குமாடி வீடு, கிழக்குப் பார்த்த பால்கனி. போன செப்டம்பர் கடைசியில் ஜப்பானின் ஹொக்காய்டோ போயிருந்தபோது மலைப்பாதை ஓரத்தில் ஓர் ஊதாப் பூவைப் பார்த்தேன். முக்காடு போட்ட பாட்டிகள் வரிசையில் நிற்பது போல இருந்தது. மாங்க்ஸ்ஹூட் என்றார்கள். ஆசை விடவில்லை. இணையத்தில் 12 வெள்ளிக்கு (ரிங்கிட்) 20 விதை வாங்கினேன். பத்தைத் தேங்காய் நார்த்தூளில் போட்டேன். மிச்சம் பத்து, குளிர் வேண்டுமாமே என்று, ஈர டிஷ்யூவில் சுற்றி ஐஸ்பெட்டியில் இருக்கிறது. சட்டியில் ஐந்தாம் நாளே மூன்று முளைத்துவிட்டன. நுனியில் பள்ளம் விழுந்த இதய வடிவில் இரண்டிரண்டு இலை. ஆனால் தண்டு நூல் மாதிரி நீண்டு சாய்கிறது. வெயில் போதவில்லையா, தண்ணீர் அதிகமா?

கேமரன் பூக்காரர்:
தம்பி, தண்டு சாய்வது வெளிச்சக் குறைவுதான். ஆனால் அது மாங்க்ஸ்ஹூட்டாக இருக்காது. அந்த விதை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், சுமார் 4 டிகிரி ஈரக் குளிரில் கிடந்த பிறகுதான் மெல்லக் கண் விழிக்கும். பழைய விதை என்றால் அதுவும் இல்லை. பினாங்குச் சூட்டில் ஐந்து நாளில் வராது. விதை எப்படி இருந்தது? உருண்டையா, மூன்று முனையோடு சுருங்கியா?

ஆயர் ஈத்தாம் பால்கனி:
உருண்டை அண்ணே. கடுகு மாதிரியே. அதே கடைக்காரர் நீல ரோஜா விதையும் விற்கிறார், இப்போதுதான் பார்த்தேன்.

கேமரன் பூக்காரர்:
நீல ரோஜாவா, சரிதான்! மாங்க்ஸ்ஹூட் விதை கறுத்த பழுப்பு, முனை முனையாக இருக்கும். நிஜ விதையே கிடைத்தாலும் உங்கள் ஊரில் வேண்டாம். குளிர்காலத்தில் தழை முழுக்கக் காய்ந்து, கிழங்கு மண்ணுக்குள் தூங்கி எழுகிற செடி அது. அங்கே இரவிலும் 24 டிகிரி, தூக்கம் எங்கே வரும்? நான் இங்கே கேமரன் மலையிலேயே கிழங்கு வைத்துப் பார்த்தேன். முதல் வருடம் தழை வந்தது, பூ இல்லை. அடுத்த மழையில் தோண்டினால் கிழங்கு கையில் கூழாக வந்தது. இங்கே குளிர் உண்டு, குளிர்காலம் கிடையாது.

மருந்தக அக்கா:
நான் வேறு விஷயம் கேட்கிறேன். ஐஸ்பெட்டியில் எதில் வைத்திருக்கிறீர்கள்?

ஆயர் ஈத்தாம் பால்கனி:
சாப்பாடு கட்டி வாங்கிய தப்பாவ் டப்பாவில் அக்கா. கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில்.

மருந்தக அக்கா:
முதலில் அதை வெளியே எடுங்கள், தம்பி. மாங்க்ஸ்ஹூட் என்பது நம் சித்த வைத்தியத்தில் சொல்கிற நாபியின் இனம். சீனமருந்துக் கடைகளில் 'ஃபூஸி' என்று விற்பதும் அந்த இனத்துக் கிழங்கைப் பக்குவம் செய்ததுதான். ஹொக்காய்டோவின் ஐனு பழங்குடி மக்கள் அம்பு முனையில் தடவியதும் இதைத்தான். இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு, கிழங்கில் மிக அதிகம். நாக்கும் உதடும் மரத்துப்போகும், வாந்தி வரும், பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாகும். மாற்று மருந்து கிடையாது, மருத்துவமனையில் துடிப்பைக் கவனித்துச் சமாளிப்பதுதான் சிகிச்சை. வந்தது வேறு விதையாகவே இருக்கலாம், ஆனால் பாக்கெட்டை நம்பிச் சமையல் சாமானோடு வைக்காதீர்கள். வீட்டில் குழந்தை உண்டா?

ஆயர் ஈத்தாம் பால்கனி:
இரண்டு வயது மகள். கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குத்தான். டப்பாவை அப்படியே பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டேன். என் மனைவி நேற்றுதான் அதைத் திறந்து "இது என்ன, கடுகு ஊறுதா?" என்று கேட்டாள். இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

மருந்தக அக்கா:
யாராவது எதையாவது வாயில் போட்டுவிட்டால் உடனே 999-ஐ அழையுங்கள். உங்கள் தீவிலேயே யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது, அவர்களிடமும் கேட்கலாம்.

கேமரன் பூக்காரர்:
ஊதாக் கதிர் வேண்டுமென்றால் அஞ்சலோனியா வையுங்கள். வெயிலும் வெக்கையும் அதற்குப் பிடிக்கும். முக்காடு இருக்காது, அவ்வளவுதான். கொடி போதுமென்றால் சங்குப்பூ.

ஆயர் ஈத்தாம் பால்கனி (மூன்று வாரம் கழித்து):
சட்டியில் முளைத்தது பெரிதாகிவிட்டது. அகன்ற இலை, ஓரம் லேசாகச் சுருண்டு, கசக்கினால் கார வாசனை. மாங்க்ஸ்ஹூட் இலை விரல் விரலாகப் பிளந்திருக்குமாமே, இது அப்படி இல்லை. அம்மா பார்த்துவிட்டு, "சாவிக் கீரைடா, பூண்டு தட்டிப் போட்டு வதக்கட்டுமா?" என்கிறார். சாவி என்றால் இங்கே கடுகு இனத்துக் கீரை.

மருந்தக அக்கா:
வேண்டாம்! பெயர் தெரியாத பாக்கெட்டில் வந்ததை வதக்க வேண்டாம். கையுறை போட்டுப் பிடுங்கிக் குப்பையில் போடுங்கள்.

ஆயர் ஈத்தாம் பால்கனி:
பிடுங்கிவிட்டேன் அக்கா. அம்மாவுக்குத்தான் கோபம். சாவிக் கீரை வாங்கப் பாசாருக்குப் போயிருக்கிறார்.