‘50 அடி இருக்கிறது, பரிசோதனை தேவையில்லை’: யாழ்ப்பாணக் கோப்பாய்க் காணி விளம்பரம் பற்றிய இணைய உரையாடல்

செம்மண்: கோப்பாயில் இரண்டு பரப்புக் காணி விலைக்கு வந்திருக்கிறது. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் 50 அடி இருப்பதால் தண்ணீரைப் பரிசோதிக்கத் தேவையில்லை என்று தரகர் விளம்பரத்திலேயே எழுதியிருக்கிறார். செம்மண்ணைக் கொஞ்சம் கிண்டினாலே வெடிப்பும் பொந்துமாகச் சுண்ணக்கல் தட்டுப்படுகிற ஊரில், அடிக்கோலால் தண்ணீரின் தரத்தை அளக்கும் துணிச்சல் இவருக்கு எங்கிருந்து வந்தது?

ஓவசியர்: தரகர் சொன்னதில் என்ன பிழை? நான் 30 ஆண்டுகள் குழிகளுக்கு இடம் குறித்துக் கொடுத்தவன். 50 அடி என்றால் 50 அடிதான். அதைக் கடைப்பிடித்த எந்த வீட்டிலும் எவரும் வயிற்றோட்டத்தில் படுக்கவில்லை.

நீரியல்மாணவி: ஐயா, மணலில் 50 அடி கடப்பதற்குள் கிருமிகள் பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும், சுண்ணக்கல் வெடிப்பில் ஓடும் நீருக்கு அந்த வடி கிடையாது. மேலும், கார்த்திகை மழையில் நீர்மட்டம் எழும்பிக் குழியின் அடியைத் தொடும்போது, இடைவெளியை நிலத்துக்கு மேலே அளப்பதில் பயனில்லை. முதலில் ஒன்று சொல்லுங்கள்: நீங்கள் குறிப்பிடும் குழி அடித்தளம் பூசிய தொட்டியா, மண்ணில் ஊறவிடும் குழியா?

ஓவசியர்: குழி என்றால் குழிதான், பிள்ளை. கேள்வி 50 அடியைப் பற்றியது.

டொரொன்டோவாசி: இந்தியத் தரநிலை ஊறுகுழிக்கும் கிணற்றுக்கும் 18 மீட்டர் கேட்கிறது. அது 59 அடி. உங்கள் 50 அங்கேயே தோற்றுவிட்டது.

ஓவசியர்: பனிக்குள் குழாய்த் தண்ணீர் குடிப்பவர் எங்கள் கிணற்றைப் பற்றிப் பேச வேண்டாம். சென்ற ஆண்டு எல்லை வேலி விவாதத்திலும் தம்பி இப்படித்தான் வந்து குழப்பினார். 50 அடி போதும்.

செம்மண்: இரண்டு பரப்பு என்பது ஏறத்தாழ 5,445 சதுர அடி. உங்கள் குழியிலிருந்து 50 அடி விட்டு வெட்டிய கிணறு, மதிலுக்கு அப்பால் அயலவர் குழிக்குப் பத்தடியில் கிடக்கும். அவருடைய குழியையும் தரகர் அளந்தாரா?

வெங்காயக்காரர்: கிருமி மட்டுமா, கழிவிலிருந்தும் உரத்திலிருந்தும் கிணற்று நீரில் சேரும் நைத்திரேற்று என்ற உப்பும் இருக்கிறதே. அதற்குக் குழியைக் குற்றம் சொல்லும் நாகரிகம் இப்போதுதான் வந்திருக்கிறது, இதுவரை யூரியா போடும் எங்களைத்தான் சொன்னீர்கள். எது எப்படியோ, என் கிணற்று நீர் அறிக்கையில் நைத்திரேற்று 12 என்றுதான் இருக்கிறது. எல்லை 50. ஆகவே ஓவசியர் ஐயா சொல்வது சரி.

நீரியல்மாணவி: அண்ணை, எல்லையான 50 என்பது ஒரு லீற்றரில் உள்ள நைத்திரேற்று மில்லிகிராம், அடி அல்ல. உங்கள் 12 நைத்திரேற்றிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்டதா என்று அறிக்கையின் அலகுப் பகுதியில் பாருங்கள். அப்படியானால் அது நைத்திரேற்றாக ஏறக்குறைய 53. குளோரின் இட்டால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. கொதிக்க வைத்தால் நீர் வற்றி அது இன்னும் செறிவாகும். பால்மாவில் அந்தத் தண்ணீரைக் கலந்து கைக்குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.

வெங்காயக்காரர்: அலகைப் பார்த்தேன். அதற்காக யூரியாவை விட முடியாது. என் தோட்டத்தில் குழியே இல்லை, பக்கத்து மாடி வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

டொரொன்டோவாசி: அந்த வீடு யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். ஓவசியர் ஐயா இடம் குறித்துக் கொடுத்த வீடு.

ஓவசியர்: வாய்க்கு வந்ததைச் சொல்ல வேண்டாம். நான் குறித்தபோது அங்கே இடைவெளி 52 அடி. தோட்டக் கிணற்றை மதிலுக்கு அருகே பின்னர் நகர்த்தி வெட்டியவர் யார் என்று வெங்காயக்காரரையே கேளுங்கள். நாளைக் காலையில் நாடாவைப் பிடித்து அளந்து படம் போடுகிறேன்.

செம்மண்: தண்ணீரையும் ஒரு போத்தலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

ஓவசியர்: 50 அடிக்கு மேலே இருந்தால் அது எதற்கு?