ஆறாம் நம்பர் கூண்டு ஐந்தைவிடப் பெரியதா?

வள்ளவிளைக்காரன்: காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு மேதாவி எழுதியிருக்கிறார்: “துறைமுகத்தில் ஆறாம் நம்பர் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் ஐந்தைவிடப் பலமான புயல்.” எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்? 5, 6, 7 மூன்றும் ஒரே ஆபத்து. புயல் போகிற பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருந்தால் 5, வலப்பக்கம் இருந்தால் 6, துறைமுகத்தின் மேலேயோ அருகிலோ கடந்தால் 7.

வடசேரி சார்: அந்த மேதாவி நான்தான். நம்பர் என்றால் வரிசை. ஆறு ஐந்தைவிடப் பெரிது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்.

வள்ளவிளைக்காரன்: அப்போ 11 உலகம் அழிகிற புயலா சார்? வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பதற்குத்தான் 11. ஆறாம் நம்பர் பஸ் ஐந்தாம் நம்பர் பஸ்ஸைவிட வேகமாகவா ஓடுகிறது?

குளச்சல் மக்கா: அண்ணே, அது கூண்டே கிடையாது. பகலில் கூம்பும் உருளையும் ஏற்றுவார்கள், ராத்திரி சிவப்பு, வெள்ளை விளக்கு.

வடசேரி சார்: பேப்பரில் கூண்டு என்றுதான் போடுகிறான். சரி, ஆறுக்கு வாரும். 8, 9, 10 ஐந்தைவிடப் பெரிய ஆபத்துதானே? நடுவில் ஆறு மட்டும் எப்படி ஏறாமல் நிற்கும்?

வள்ளவிளைக்காரன்: அவை பெரிய புயலுக்கு. அங்கேயும் அதே இடப்பக்கம், வலப்பக்கம், மேலே. எத்தனை தரம் சொல்ல?

தோவாளைப் பூ: இடப்பக்கம் என்றால் யாருக்கு? நம்ம கன்னியாகுமரி முனையில் நின்றால் மூன்று பக்கமும் கடல். எங்கே பார்த்து நிற்க?

வள்ளவிளைக்காரன்: புயலுக்கு இடப்பக்கம் அம்மா, உங்களுக்கு இல்லை. 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல் நமக்குத் தெற்கே மேற்கு நோக்கிப் போனது. நாம் அதற்கு வலப்பக்கம். அன்றைக்குத் தங்கல் தொழிலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போய் ஆழ்கடலில் கிடந்தவனுக்கு எந்தக் கூண்டு கண்ணில் பட்டது? மாடியில் உட்கார்ந்து டிவி பார்ப்பவருக்கு நம்பர் விளையாட்டு.

வடசேரி சார்: என் மாடியை இழுக்க வேண்டாம். ஒக்கியில் எங்களுக்கும் மரம் விழுந்தது, கரண்ட் இல்லாமல் கிடந்தோம். கடல் உமக்கு மட்டும் எழுதிக் கொடுத்ததா?

தோவாளைப் பூ: அடையாளம் என்றால் பார்த்ததும் விளங்கணும். வாசலில் குலைவாழை நின்றால் கல்யாண வீடு, முடிந்தது.

குளச்சல் மக்கா: அப்படி நம்பித்தான் ஒருவர் மொய்க் கவரோடு எங்கள் தெருவுக்குள் வந்தார். அது கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டின வாழை! சாப்பாடு எங்கே என்று வேறு கேட்டார்.

தோவாளைப் பூ: கொடை என்றால் ஸ்பீக்கர் சத்தம் கேட்டிருக்குமே. அவர் காது என்ன செய்தது?

வடசேரி சார்: வாழையை விடுங்கள். ஐந்தும் ஆறும் ஒன்று என்பவர் கடையில் ஆறு கிலோவுக்குக் காசு கொடுத்து ஐந்து கிலோ அரிசி வாங்கட்டும்.

வள்ளவிளைக்காரன்: எடைக்கல் வேறு, பஸ் நம்பர் வேறு சார்!

வடசேரி சார்: பஸ்ஸை முதலில் கொண்டுவந்தது யார்?